கதவு சாத்தும் ஆந்தை

துப்பறிவாளர் நெவென்காவின் வாய் அகலத் திறந்திருந்தது. ஆகவே இந்த வழக்கில் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஆங்... ஆ ஆங்?"

"ஆள் எப்போலேர்ந்து உங்ககூட இருக்குன்னு கேக்குறாங்க டாக்டர்," என்று மொழிபெயர்த்தான் ஸ்ரெச்கோ. அவளுடைய உதவியாளனான அவன், பல் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, எண்ணெய் சொட்டும் புரெக் என்ற இறைச்சிப் பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தான். பல் ஆஸ்பத்திரியில் நின்று பல்லுக்கு ஆகாததைத் தின்பதில் அவனுக்கு ஒரு தனி சந்தோஷம்.

"மூணு வாரமா," என்றார் டாக்டர் வுகாஷின், டிரில்லை நிறுத்தாமல். "பேரு வெள்ளை ஆந்தை. இந்த ஊர் ஆளுன்னு மட்டும் தெரியும், நிஜப் பேரு யாருக்கும் தெரியாது."

செர்பியாவின் நிஷ் நகரத்தில் பல்வலி வந்தால் வுகாஷினிடம்தான் போவார்கள். ஆனால் 'ஏழு கோட்டை' என்ற ஆன்லைன் கேமுக்குள் நுழைந்துவிட்டால் அவர் பல் டாக்டர் இல்லை. 'குளவிக்கூடு' என்னும் இருபது பேர் கொண்ட படைக்குத் தலைவர். அவரே ஆரம்பித்த குழு. ஏழு வருடமாகிறது. அதில் அடிபட்டவர்களைப் பிழைக்கவைக்கும் வைத்தியருக்கு நிஜ வாழ்க்கையில் இரட்டைக் குழந்தை பிறந்துவிட, அந்த இடம் காலியாயிற்று. அதற்குத்தான் ஆந்தை விண்ணப்பித்திருந்தது.

"இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டு. ஆந்தையை நிரந்தரமா சேத்துக்கறதா வேண்டாமான்னு. பத்தொம்பது பேரும் கை தூக்கணும். ஒருத்தர் மாட்டேன்னாலும் கிடையாது. எங்க சட்டம் அப்படி."

"கல்யாணத்துக்கே ரெண்டு பேர் சம்மதிச்சா போதும்," என்றான் ஸ்ரெச்கோ.

"சிரிக்காதப்பா. போன ரெண்டு சனிக்கிழமையும் தோத்தோம். எதிரி யாரு? கரடிக்குகை. அவனுங்க தலைவன் கருங்கரடி. அவன் மூஞ்சியும் யாருக்கும் தெரியாது. நாங்க எந்த வாசல் வழியா நுழையணும்னு திட்டம் போட்டேனோ, அதே வாசல்ல எண்ணெயைக் காய்ச்சி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கானுங்க. அந்த எண்ணெய் காயவே மூணு மணி நேரம் ஆகும்! இந்த சனிக்கிழமையும் தோத்தா முதல் வரிசையிலேர்ந்து எங்களைத் தள்ளிடுவாங்க. பாதிப் பேர் கிளம்பிடுவோம்னு சொல்லிட்டாங்க." டிரில் நின்றது. "ஏழு வருஷம் மேடம். அவங்கள்ல பாதிப் பேர் என் கல்யாணத்துல ஆடினவங்க."

"ஆ ஆங் ஆங்?"

"திட்டம் முன்னாடியே யாருக்குத் தெரியும்னு கேக்குறாங்க."

"கோட்டைக்குள்ள போறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடிதான் குழுவுக்குச் சொல்வேன். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான்."

நெவென்காவின் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறின. வலிக்கிறதாக்கும் என்று நினைத்த டாக்டர் இன்னொரு மரத்துப்போகவைக்கும் ஊசியைக் குத்தினார். நெவென்கா ஏதோ சொல்லவந்தாள். அது கன்னத்துக்குள்ளேயே தூங்கிவிட்டது.

"ஆந்தைகிட்ட என்ன சந்தேகம்?" என்று ஸ்ரெச்கோ தானாகவே கேட்டான்.

"பேசவே மாட்டேங்குது. எல்லாம் டைப்தான். ஒரே ஒரு தடவை கை பட்டு மைக் திறந்துடுச்சு, மூணு செகண்டு. யாரோ டிரம்பெட் வாசிக்கிறாங்க. ஒரே பாட்டு, ஒரே இடத்துல பிசிறுது. அப்புறம் செவ்வாய்க்கிழமை காலைல ஒம்பதே காலுக்கு 'கரண்டு போச்சு'ன்னு ஒரு வரி. ஆளைக் காணோம். இதெல்லாம்கூட விடுங்க. கோட்டைக்குள்ள தாண்டிப்போற கதவையெல்லாம் சாத்திக்கிட்டே போகுது! அம்பு பறக்குது, தலை உருளுது, இது நின்னு நிதானமா கதவைச் சாத்துது. எங்க மண்டபத்துக்குள்ள வரும்போது இரும்பு பூட்ஸை வாசல்லயே கழட்டி வைக்குது. அந்த பூட்ஸ் இல்லேன்னா ஒரே அடியில செத்துடும்னு சொன்னா, 'கம்பளம் அழுக்காகும்'னு டைப் பண்ணுது."

"கதவு சாத்துறது கருங்கரடிக்கு சிக்னல்," என்றான் ஸ்ரெச்கோ. "பூட்ஸும் சிக்னல். ஆள் பதினஞ்சு வயசுப் பொடியன். பந்தயம் மேடம். நான் தோத்தா ஒரு வாரம் புரெக் தொடமாட்டேன்."

நெவென்கா இருபத்திரண்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். டிக்கெட் இல்லாதவனை மூன்று பெட்டி தள்ளியே கண்டுபிடித்துவிடுவாள். இந்த வழக்குக்கு அவள் கேட்ட கூலி, இதோ இந்தக் கடைவாய்ப்பல் வைத்தியம். நாற்காலியிலிருந்து எழுந்து, கோணிக்கொண்ட வாயால் பாதிச் சிரிப்பு சிரித்து, பந்தயத்துக்குக் கை கொடுத்தாள்.

மின்வாரியம் செய்த ஒரே நல்ல காரியம், எங்கே எப்போது கரண்டை நிறுத்துகிறோம் என்று பட்டியல் போடுவது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஊரில் மூன்றே தெருக்களில் நிறுத்தியிருந்தார்கள். மூன்றும் அடுத்தடுத்த தெருக்கள்.

செப்டம்பர் கடைசி. தெருவுக்குள் நுழைந்ததுமே சிவப்பு மிளகாய் சுடும் வாசனை மூக்கைப் பிடித்தது. பால்கனிக்கு பால்கனி அடுப்பு, அடுப்புக்கு அடுப்பு அய்வார் என்ற மிளகாய் விழுது கிண்டும் சட்டி. ஸ்ரெச்கோ நேராகப் பத்திரிகைக் கடைக்காரம்மாவிடம் போனான்.

"ஏன்க்கா, இந்தப் பக்கம் யாராவது டிரம்பெட் நல்லா வாசிப்பாங்களா? கல்யாணத்துக்கு வேணும்."

"நல்லாவா?" அந்த அம்மாள் கையை மேலே தூக்கினாள். "பதினாலாம் நம்பர்ல ஒருத்தன் இந்த ஜூலைல குடிவந்தான், நாசமாப்போறவன். காலைலேர்ந்து ஒரே பாட்டு. பாதில வந்து முக்குவான். அவனை உன் கல்யாணத்துக்கா கூப்பிடப்போற? உனக்குப் பொண்ணைப் பிடிக்கலியா?"

"பொண்ணு வீட்டைப் பிடிக்கலக்கா," என்று சொல்லிவிட்டு ஸ்ரெச்கோ நடந்தான்.

பதினாலாம் நம்பர் நாலு மாடிக் கட்டடம். உள்ளே போனதும் மேலேயிருந்து டிரம்பெட் வந்தது. சரியான இடத்தில் பிசிறியது.

"எட்டு வீடு மேடம். கதவு கதவா தட்டி 'ஆந்தை இருக்கா'ன்னு கேக்கவா?"

நெவென்கா வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு நாலாவது மாடிக்கு ஏறினாள். படிக்கட்டு ஜன்னலை விரியத் திறந்தாள். பிறகு கீழே இறங்கிவந்து தெருக்கதவைத் திறந்து, ஒரு செங்கல்லை அண்டக்கொடுத்தாள். காற்று கீழே நுழைந்து மேலே ஓடியது.

"என்ன மேடம் பண்றீங்க?"

"காழ்ழு," என்றாள் நெவென்கா, மரத்த வாயால்.

அது போதும். எதிரும் புதிருமாகக் கதவு திறந்து குறுக்கே காற்றடித்தால் கழுத்து பிடிக்கும், காது அடைக்கும், சிறுநீரகம் கெடும், ஆள் போய்ச் சேரலாம் என்பதில் நிஷ் நகரத்தில் இரண்டாவது கருத்தே கிடையாது. டாக்டரிடம் போனால் அவரும் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. படபடவென்று கதவுகள் திறந்தன.

"எவன் அது ஜன்னலைத் திறந்தவன்?"

"கீழ் கதவை யாரு திறந்துபோட்டுட்டுப் போனது? வீட்டுல குழந்தை இருக்கு!"

"எங்களைக் கொல்லப் பாக்குறீங்களா?"

ஸ்ரெச்கோ கைப்பிடிச் சுவரைப் பிடித்து அண்ணாந்து பார்த்தான். நாலு மாடியிலுமாக ஐந்து பெண்கள் எட்டிப்பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஐவர் கையிலும் மிளகாய்க் கரண்டி. ஒருத்தியின் கழுத்தில் மட்டும் ஹெட்போன்.

"ஒரு வாரம்," என்று முனகினான் ஸ்ரெச்கோ, கையிலிருந்த புரெக் பொட்டலத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்து.

இரண்டாவது மாடி. அந்த அம்மாளுக்கு அறுபது இருக்கும். பெயர் தோப்ரிலா. "வெள்ளை ஆந்தையைப் பாக்க வந்தோம்," என்று ஸ்ரெச்கோ சொன்னதும் அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் வாசலில் நிற்கவைத்து யாரையும் அனுப்பிப் பழக்கமில்லாதவள். முதலில் செருப்பைக் கழற்றச் சொன்னாள், ஆளுக்கொரு ஜோடி வீட்டுச் செருப்பு கொடுத்தாள், பிறகு கதவைச் சாத்தினாள். ஒரு தட்டில் பிளம் பழ ஸ்லாத்கோ இனிப்பும் தண்ணீரும் காபியும் வந்தன. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து பயந்தாள்.

சமையலறை மேசையில் பழைய லேப்டாப். அடுப்பில் அய்வார் கொதித்துக்கொண்டிருந்தது.

"இதை விட்டு நகர முடியாதும்மா, அடிப்பிடிச்சிடும்," என்றாள் தோப்ரிலா. "அதான் எப்பவும் ஒரு கைல கிண்டுவேன், ஒரு கைல வைத்தியம் பாப்பேன்."

"ஒரு கைலயா?" ஸ்ரெச்கோவின் கரண்டி பாதியில் நின்றது. "உங்களைத்தான் ஊருலயே முதல் வைத்தியர்னு டாக்டர் சொல்றாரு!"

"அப்படியா சொன்னாரு?" அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வாடியது. "எந்த டாக்டர்?"

நெவென்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரெச்கோவும் திரும்பிப் பார்த்தான். ஒரு கல்யாணப் படம். மாப்பிள்ளைக் கோலத்தில் டாக்டர் வுகாஷின் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் கைபோட்டு, குறுக்கே பூவேலைத் துண்டு கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குச் சாட்சி நின்று ரத்த உறவுபோலவே ஆகிவிடும் கூமாக இன்னொருவன் நின்றான். அவனுக்கும் தோப்ரிலாவுக்கும் ஒரே மூக்கு.

"என் பையன் க்ராதிமிர்," என்றாள் தோப்ரிலா மெதுவாக. "டாக்டர் தம்பிக்குக் கூம். அடுத்த மாசம் அவங்க குழந்தைக்கு ஞானஸ்நானம். இவன்தான் ஞானத்தகப்பனா குழந்தையைக் கையில வாங்கப்போறான்."

"கேமுக்குள்ள அவரு பேரு?" என்று கேட்டான் ஸ்ரெச்கோ. கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது.

"கருங்கரடி."

ஸ்ரெச்கோ எழுந்துவிட்டான். "முடிஞ்சுது மேடம். கரடியோட அம்மாவே ஆந்தை. வேவு வேலை. போன் போடவா?"

"உக்காருடா," என்றாள் நெவென்கா. மரத்த கன்னம் மெல்ல விழித்துக்கொண்டிருந்தது. "அம்மா, நீங்க சொல்லுங்க."

தோப்ரிலா கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "குளிர்காலம் பூரா தனியா இருந்தேன். அவன் ஆபீஸ் போயிடுவான். இந்தப் பழைய பொட்டியில கத்துக்கிட்டேன். நல்லாவே கத்துக்கிட்டேன். என்னை உன் குழுவுல சேத்துக்கடான்னு கேட்டேன். சிரிச்சான்மா. 'அம்மா, நீ போய் மிளகா சுடு'ன்னான். அவன் ஆளுங்ககிட்டயும் சொல்லி, அவங்களும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. சரிடா, நீ சேத்துக்காட்டி என்ன, உன்னை அடிக்கிறவங்ககிட்ட போறேன்னு போனேன்."

"திட்டத்தை யாரு சொன்னது?"

"நானா? ரெண்டு சனிக்கிழமையும் கை ஓயற வரைக்கும் அந்தப் பிள்ளைங்களை எழுப்பி எழுப்பி விட்டேன். அந்தப் பக்கம் ரூம்ல இவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். சாப்பிடும்போது சொல்றான், 'கருங்கரடி நான்தான்னு கூமுக்குத் தெரியாதும்மா, வெள்ளிக்கிழமை காபி குடிச்சுக்கிட்டே எல்லாத்தையும் அவனே கொட்டுறான்'னு. எனக்குச் சோறு இறங்கல. கூமுக்குத் துரோகம் பண்ற பிள்ளையையா பெத்தேன்?" அவள் கண் கலங்கிவிட்டது. "டாக்டர் தம்பிகிட்ட சொன்னா அந்தக் குடும்பமும் இந்தக் குடும்பமும் அறுந்துபோகும். சொல்லாட்டி அந்தக் குழு அழியும். என்னை அவங்க சேத்துக்கணும்மா. யாரோட அம்மான்னு பாக்காம, என் கைய பாத்துச் சேத்துக்கணும். என் பேரையும் சொல்லாதீங்க, அவன் பேரையும் சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன்," என்றாள் நெவென்கா. காபி ஒரு வாய் குடித்தாள். பாதி தாடையில் வழிந்தது. ஆனால் அந்த வாக்கில் ஒரு பிசிறும் இல்லை.

ஐந்தே முக்காலுக்கு அவள் தெருமுனையிலிருந்து டாக்டருக்குப் போன் போட்டாள்.

"ஆந்தை வேவு பாக்கல டாக்டர். ஓட்டைப் போடுங்க."

"எப்படிச் சொல்றீங்க? அது யாரு?"

"யாருங்கறது என் தொழில் ரகசியம். எப்படிங்கறது உங்க வாயாலயே வந்துச்சு. பத்து நிமிஷம் முன்னாடிதான் குழுவுக்குச் சொல்வேன்னீங்க. எண்ணெய் காய மூணு மணி நேரம் ஆகும்னும் சொன்னீங்க. அப்போ குழுவுல யாரும் சொல்லியிருக்க முடியாது, ஆந்தையும் சேத்து. சரி, சனிக்கிழமைத் திட்டம் முதல் நாளே யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாதுன்னு சொன்னேனே! எனக்கு மட்டும்தான்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரோட காபி குடிச்சீங்க?"

"என் கூமோட. அதனால என்ன? கூம் தானே, அவன் எப்படி..." டாக்டர் நிறுத்தினார்.

இதுதான் இந்த ஊர்க்காரர்களின் கோளாறு. யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டால் மனைவியை எண்ணுவார்கள், வேலைக்காரனை எண்ணுவார்கள், கூமை எண்ணமாட்டார்கள். அவனிடம் சொன்னால் வேறு ஆளிடம் சொன்னதாகவே அவர்களுக்குத் தோன்றாது.

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்காரும் சத்தம் போனில் கேட்டது. வலி அவருக்கு. எந்த ஊசியும் போடாமல் பிடுங்கிய வலி.

"அவன்தானா கருங்கரடி?" என்று கேட்டார்.

"நான் எதுவும் சொல்லலியே டாக்டர்."

"இல்ல. நீங்க சொல்லல." பிறகு அவர் குரல் மாறியது. அதில் குறும்பு எட்டிப்பார்த்தது. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. வழக்கம்போல காபிக்கு வரச் சொல்லியிருக்கான்."

"போங்க. நிறைய பேசுங்க," என்றாள் நெவென்கா.

ஆறு மணிக்குப் பத்தொன்பது கைகளும் தூக்கப்பட்டன. வெள்ளை ஆந்தை, 'நன்றி பிள்ளைகளா, எல்லோரும் சாப்பிட்டீர்களா' என்று டைப் செய்தது.

சனிக்கிழமை காலை, காபியில் கேட்டபடியே, கருங்கரடி தன் மொத்தப் படையையும் வடக்கு வாசலில் குவித்து எண்ணெய் காய்ச்சினான். குளவிகள் தெற்கு வாசலில் நுழைந்தன. விஷயம் தெரிந்து கரடிகள் கோட்டைக்குள் ஓடிவந்தபோது ஒரு கதவு சாத்தியிருந்தது. அதைத் திறந்தால் அடுத்ததும் சாத்தியிருந்தது. மொத்தம் பதினெட்டுக் கதவுகள். அத்தனையையும் ஆந்தை ஒற்றைக் கையால் சாத்திவிட்டுப் போயிருந்தது. பதினேழாவதைக் கரடிகள் திறக்கும்போது கோட்டையில் குளவிக் கொடி ஏறிவிட்டது. தோப்ரிலாவின் வீட்டில் ஒரு ரூமிலிருந்து, "எவன்டா அவன், கதவு சாத்துறவன்!" என்று ஓர் அலறல் கேட்டது. சமையலறையிலிருந்து, "சூப் ஆறுது, வா," என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் வுகாஷினின் நாற்காலியில் க்ராதிமிர் படுத்திருந்தான். கடைவாய்ப்பல். கோட்டை பிடிப்பவனுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும் என்பதால் துணைக்கு அம்மாவை அழைத்து வந்திருந்தான். தோப்ரிலா ஓர் அய்வார் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். நெவென்கா தன் பல்லைக் காட்ட வந்து வாசலில் காத்திருந்தாள். ஸ்ரெச்கோ வெறும் தயிரைக் குடித்தபடி உலகத்தை வெறுத்துக்கொண்டிருந்தான்.

"வாயை நல்லா திற கூம்," என்றார் டாக்டர். திறந்ததும் பஞ்சை அடைத்தார். "ஒரு விஷயம் சொல்லணும். சனிக்கிழமை ஜெயிச்சோம். யாரோ கருங்கரடியாம், பாவம், வடக்கு வாசல்ல எண்ணெய் காய்ச்சிக்கிட்டு உக்காந்திருந்தானாம். அவனுக்கு வடக்குன்னு யாரு சொல்லியிருப்பா? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"ஆங்... ஆ ஆங்," என்றான் க்ராதிமிர். நெற்றியில் வேர்வை.

"தெரியாதுன்னு சொல்றாரு," என்று வாசலிலிருந்து மொழிபெயர்த்தான் ஸ்ரெச்கோ. "ஆனா குரல்ல மன்னிப்பு மாதிரி ஏதோ இருக்கு டாக்டர்."

"இருக்கணும்," என்றார் டாக்டர். பிறகு கூமின் தோளில் கையை வைத்து அழுத்தினார். "அடுத்த மாசம் என் குழந்தையைக் கையில வாங்கப்போறவன் நீ. அதனால ஊசி போட்டுட்டுத்தான் பிடுங்குவேன். பயப்படாதே."

அறைக்குள் ஜன்னல் திறந்திருந்தது. வாசல் கதவும் திறந்திருந்தது. லேசாகக் காற்றடித்தது.

"அய்யோ, குறுக்கே காத்தடிக்குதே!" தோப்ரிலா துள்ளி எழுந்தாள். மறந்துபோய், யோசிக்காமல், அறையைக் கடந்து ஜன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். அலமாரிக் கதவு திறந்திருந்தது, அதையும் சாத்தினாள். எல்லாம் ஒரே கையால். இன்னொரு கையில் அய்வார் பாட்டில்.

க்ராதிமிரின் கண்கள் மெல்ல மெல்ல விரிந்தன. டாக்டர் கையில் ஊசி அப்படியே நின்றது. குனிந்து தோப்ரிலாவின் காலைப் பார்த்தார். அவள் தன் செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஆ... ஆங்ஆ?" என்றான் க்ராதிமிர்.

இந்த முறை யாரும் மொழிபெயர்க்கவில்லை. தோப்ரிலா பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெளுத்த முகத்தோடு தன் தலைவரைப் பார்த்து நின்றாள்.

டாக்டர் வுகாஷின் நிமிர்ந்தார். அவளைப் பார்த்து, தலைவன் தன் படைவீரருக்குச் செய்வதுபோல நெஞ்சில் கைவைத்து லேசாகக் குனிந்தார்.

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்துடுங்கம்மா," என்றார். பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பினார். "கூம், வாயை மூடாதே."